தரைப்பாலத்தில் தண்ணீர், தலைக்கு மேல் வெயில்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னை நீங்கள் விடுவதாக இல்லை. ஐப்பசி பிறந்தால் போதும், விடியற்காலையில் போன் அடிக்கிறது. புதிதாகத் தலைமையாசிரியர் பொறுப்பேற்ற யாராவது ஒருவர் பேசுவார். "மேடம், வணக்கம். தொந்தரவுக்கு மன்னிக்கணும். இன்னிக்கு மழை வருமா மேடம்?" நான் என்ன மேகத்துக்கு அத்தையா? என்னிடம் சொல்லிவிட்டா அது கிளம்புகிறது?

"ஜன்னலைத் திறந்து பார்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். வைத்த பிறகு மனசு கேட்காது. நானே திரும்பக் கூப்பிட்டு, "உன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் எந்தெந்த வழியில் வருகிறார்கள்?" என்று கேட்பேன். மழையைப் பற்றி நான்கு செயலிகளில் பார்த்து வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் "விசாரிச்சு சொல்றேன் மேடம்" என்பார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆளுக்கு ஆள் போனில் சொல்லி மாளவில்லை என்பதால் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு தடவை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் தூங்க விடுங்கள்.

நம் மாவட்டத்தின் லட்சணத்தை முதலில் பாருங்கள். ஒரு பக்கம் கடலில் கால் நனைக்கிறது, இன்னொரு பக்கம் ஆந்திர மலையில் போய் முட்டி நிற்கிறது. எச்சரிக்கைக்கு மட்டும் மொத்த மாவட்டத்துக்கும் ஒரே நிறம். பழவேற்காட்டில் படகை இழுத்துக் கட்டினால் திருத்தணியில் நமக்கு லீவு. சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் நான் மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டு எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் அன்று முழுக்கக் கிரிக்கெட் ஆடுவார்கள். அப்புறம் அந்த நாளை ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளி வைத்தால், மழையை அனுப்பாதது நாம்தான் என்பதுபோல முறைப்பார்கள்.

இதற்காக வானிலைக்காரர்களைத் திட்டுவதும் நியாயம் இல்லை. அவர்கள் "வாய்ப்பு உண்டு" என்றுதான் சொல்கிறார்கள். தொலைக்காட்சிக்கு வரும்போது அது "கொட்டித் தீர்க்கப் போகிறது" ஆகிவிடுகிறது. நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும்போது ஊரே மிதக்கிறது. யாரோ எங்கோ எப்போதோ எடுத்த படத்தைப் போட்டு "இன்று காலை அரக்கோணம்" என்று எழுதிவிடுகிறார்கள். அரக்கோணத்தில் என் தங்கை இருக்கிறாள். கேட்டால், "வெயில் பொளக்குது, வந்து வத்தல் போட்டுட்டுப் போ" என்கிறாள்.

இந்தக் கூத்தெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தக் கார்த்திகை மாதம் வரைக்கும்.

அப்போது ஆர்.கே.பேட்டைக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தேன். பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு. ஆறு என்று பெயர்தானே தவிர, வருஷத்தில் பெரும்பாலும் மணலும் முள்செடியுமாகத்தான் கிடக்கும். அதன் குறுக்கே ஒரு தரைப்பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது. இரண்டு ஓரத்திலும் வெள்ளையடித்த குட்டைக் கற்கள் வரிசையாக நட்டிருப்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னச் சின்ன ஊர்களின் பிள்ளைகள் இந்தப் பாலம் வழியாக டவுன் பஸ்ஸில் வருவார்கள், பஸ் தவறினால் நடந்து வருவார்கள். ஆந்திரா பக்கமாகச் சுற்றிப் போனால் ஒரு பெரிய பாலம் உண்டு, ஆனால் அவ்வளவு தூரம் யாரும் சுற்றுவதில்லை.

ஊர்க்காரர்களுக்கு அந்தக் கற்கள்தான் கணக்கு. தண்ணீர் ஓடும்போது கல்லின் தலை தெரிந்தால் கடக்கலாம், தெரியாவிட்டால் நிற்க வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது, எல்லாரும் கடைப்பிடித்தார்கள். கல் சிமெண்டில் ஊன்றி நிற்கிறது, அதன் பக்கத்தில் போகிற ஆள் வெறுங்காலில் நிற்கிறான் என்கிற வித்தியாசம் யாருக்கும் உறைக்கவில்லை. நானும் ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தான் டீச்சர்" என்றார்கள். பாலம் கட்டியே அவ்வளவு காலம் ஆகவில்லை.

அந்தக் கார்த்திகையில் ஒரு புயல் வருகிறது என்றார்கள். இரண்டு நாள் லீவு விட்டார்கள். இரண்டு நாளும் எங்கள் பக்கம் சும்மா ஒரு தூறல், அப்புறம் வெயில். மூன்றாம் நாள் "புயல் கரையைக் கடந்து வலுவிழந்தது, நம் மாவட்டத்துக்கு எச்சரிக்கை இல்லை" என்று செய்தி வந்தது. பள்ளி திறந்தோம். பிள்ளைகள் எல்லாரும் வழக்கம்போல் வந்தார்கள். காலையில் தரைப்பாலம் காய்ந்துதான் கிடந்தது, டவுன் பஸ் அதன் மேல்தான் வந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆங்கில ஆசிரியை என் அறைக்கு வந்தார். அவருடைய அக்காவை ஆந்திராவில் நகரிக்கு மேலே மலையடிவாரத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். "மேடம், அக்கா போன் பண்ணிச்சி. ராத்திரிலேர்ந்து அங்க விடாம ஊத்திகினு கீதாம். ஏரிங்க எல்லாம் ரொம்பி வழிஞ்சி கோடி போவுதாம்" என்றார்.

எங்கள் உதவித் தலைமையாசிரியரைக் கூப்பிட்டேன். பள்ளியின் வானிலை மையமே அவர்தான். நான்கு செயலிகள் வைத்திருந்தார், நான்கும் நான்கு விதமாகச் சொல்லும், அதில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கைப் படத்தைக் காட்டினார். மாவட்டம் மாவட்டமாகப் பச்சை, மஞ்சள் என்று நிறம் பூசிய படம். மாநில எல்லைக் கோடு வரைக்கும் நிறம் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உலகம் முடிந்துவிட்டது என்று வரைந்தது போல இருந்தது.

"நமக்குப் பச்சை மேடம்" என்றார்.

"ஆறு எங்கிருந்து சார் வருது?"

"ஆந்திராலேர்ந்து."

"அங்க என்ன நிறம்?"

"அதுக்கு வேற படம் மேடம். தெலுங்குல இருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மழைக்கு மொழி வேறு பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "எங்களுக்கு எச்சரிக்கை ஒண்ணும் வரலைங்களே" என்றார்கள். இன்னொரு அலுவலகத்துக்குப் போட்டேன். "அந்தப் பக்கத்து ஏரி எங்க எல்லையில வராதுங்க" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

குடையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். குடை மழைக்கு இல்லை, வெயிலுக்கு. அப்படி ஒரு வெயில். தரைப்பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால்கூட நனையாது. ஆனால் காலையில் அது இல்லை.

பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை நிறுத்தி வைக்கிறேன் என்றேன். உதவித் தலைமையாசிரியர் பதறிவிட்டார். "மேடம், இப்பவே அனுப்பிட்டா கணுக்கால் தண்ணியில கடந்துடுவாங்க. நிறுத்தி வெச்சீங்கன்னா தண்ணி ஏறிடும். அப்புறம் அத்தினி பேரையும் நாமதான் வெச்சிகினு இருக்கணும். அதுவும் இந்த வெயில்ல என்ன காரணம் சொல்லுவீங்க?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. கணுக்கால் தண்ணீர் எவ்வளவு நேரம் கணுக்காலில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, அவருடைய நான்கு செயலிகளுக்கும் தெரியாது. பிள்ளைகள் நடுப்பாலத்தில் இருக்கும்போது மேலே ஓர் ஏரிக்கரை உடைந்தால்? உடையாமலே போகலாம். போகலாம் என்பதை நம்பி ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையை விட என்னால் முடியவில்லை. "ஒருத்தரும் போகக் கூடாது. பத்தாம் வகுப்பு அறையில் உட்கார வையுங்கள்" என்று சொல்லிவிட்டேன். நல்ல முடிவு எடுத்துவிட்டோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை நிறுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன் பாருங்கள். பிள்ளை வரவில்லை என்றால் வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா?

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் கூட்டம் கூடிவிட்டது. நான் மறுபடி ஆற்றங்கரைக்கு ஓடினேன். தண்ணீர் ஏறியிருந்தது. கற்களின் தலை மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. தலை தெரிகிறதல்லவா, அவர்கள் சட்டப்படி கடக்கலாம். அங்கிருந்து கத்தினார்கள், இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. என் போன் அடித்தது. முனிரத்தினம்.

முனிரத்தினம் விசைத்தறி ஓட்டுகிறவன். நான் இதே பள்ளியில் முன்பு ஆசிரியையாக இருந்தபோது என்னிடம் படித்தவன். இப்போது அவன் மகள் பவித்ரா ஏழாம் வகுப்பு. எதிர்க்கரையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"இன்னா டீச்சர் இது? வெயில் அடிச்சிகினு கீது, புள்ளைங்கள அடைச்சி வெச்சிகினு கீறீங்க!"

"மேல மழைப்பா. தண்ணி வரும். அவ பத்திரமா இருக்கா."

"கல்லு தெரியுது டீச்சர். நான் வந்து தூக்கிகினு வந்துடறேன்."

"எறங்காத முனிரத்தினம்."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர் லுங்கியை மடிக்கிறார்கள். "எறங்காதடா" என்று மறுபடி கத்தினேன். "ஆங், ஆங், தோ வந்துட்டேன்" என்றான். முழங்காலைத் தொட்டது தண்ணீர். ஒரு தடவை தடுமாறி நின்றான். குனிந்து காலைப் பார்த்தான். ஒரு செருப்பு தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

பிள்ளைகளை நான் காப்பாற்றிவிட்டேன், ஆனால் அப்பன்மார்களை ஒவ்வொருத்தராக ஆற்றில் இறக்கிக்கொண்டிருக்கிறேன். அவன் வருவது பவித்ரா இந்தப் பக்கம் இருக்கிறாள் என்பதால். அவள் இங்கே இருக்கிற வரைக்கும் நான் என்ன சொன்னாலும் அவன் நிற்கப் போவதில்லை.

"எதுக்குடா வர? உன் பொண்ணு இங்க இல்ல" என்றேன்.

நின்றான். "இன்னாது?"

"எல்லாரையும் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டேன். ஆந்திரா பக்கமா சுத்திகினு பெரிய பாலத்து வழியா வராங்க. நீ அங்க போய் நில்லு."

"நெஜமாவா டீச்சர்?"

"பவித்ரா ஜன்னல் சீட்ல உக்காந்துகினு கீறா. போய்ப் பாரு போ. புள்ள எறங்கி உன்னத் தேடுவா."

ஜன்னல் சீட் எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அதுதான் வேலை செய்தது. அவன் மெல்லத் திரும்பினான். கரையேறினான். மற்றவர்களிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னான். மொத்தக் கூட்டமும் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு பெரிய பாலத்துப் பக்கம் போய்விட்டது. எதிர்க்கரை காலியானதைப் பார்த்த பிறகுதான் போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

இப்போது பொய்யை உண்மையாக்க வேண்டும். டவுன் பஸ் பாலம் கடக்க முடியாமல் டீக்கடை வாசலில்தான் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னைக் கேக்காமயே என்னக் கெளப்பி அனுப்பிட்டீங்களா மேடம்?"

"ஆமாம்."

"அந்த ரூட்டு எனக்குப் பர்மிட்டே கெடயாது. எல்லையத் தாண்டினா என் வேல காலி."

"பெரிய பாலத்துல அத்தினி பேரும் நிக்கிறாங்க சார். பஸ் வரலன்னா திரும்பி இங்கதான் வருவாங்க. வந்து எறங்குவாங்க."

அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். வானத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை, பளிச்சென்று இருந்தது. டிரைவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். "நீங்களும் ஏறுங்க. நடுவுல எவனாச்சும் கைய காட்டி நிறுத்தினா நீங்கதான் பேசணும்" என்றார்.

பிள்ளைகளை ஏற்றினோம். பவித்ரா நடு சீட்டில் தோழிகளோடு உட்கார்ந்துவிட்டாள். எழுந்து ஜன்னல் பக்கம் போ என்றேன். அங்கே ஏற்கனவே உட்கார்ந்திருந்த பையன் நகர மாட்டேன் என்றான். "எனக்கு ஜன்னல் வேணாம் டீச்சர், கம்பி ஈரமா கீது" என்றாள் இவள். அவனை ஓர் அதட்டு, இவளை ஓர் அதட்டு. எனக்கு என்ன ஆகிவிட்டது என்று ஆசிரியைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

எல்லையைத் தாண்டிக் குண்டும் குழியுமான ரோட்டில் சுற்றிக்கொண்டு போனோம். அந்தப் பக்கம் வயலெல்லாம் குளமாகக் கிடந்தது. யாரும் கை காட்டி நிறுத்தவில்லை. பெரிய பாலத்தின் அந்தக் கோடியில் வண்டிகளோடு கூட்டம் நின்றது. முனிரத்தினம் வெறுங்காலோடு பஸ்ஸை நோக்கி ஓடிவந்தான். ஜன்னலில் மகளைப் பார்த்ததும் கம்பியோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நைனா, விடு நைனா, வலிக்குது" என்று அவள் கத்தினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆறு பொங்கி வந்து தரைப்பாலத்தையே அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும், நான் பேர் வாங்கியிருக்க வேண்டும். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் ஆந்திராவைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறி, பிறகு என்ன தோன்றியதோ, இறங்க ஆரம்பித்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் பால்காரர் ஒருவர் மொபெட்டில் கேன்களோடு அதே தரைப்பாலத்தைக் கடந்து வந்து, எங்கள் உதவித் தலைமையாசிரியரிடம் நேரம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி இதுதான். சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பணிவு.

ஊரில் நான் கேலிப்பொருள் ஆனேன். "வெயில்ல வெள்ளம் பாத்த டீச்சர்" என்றார்கள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். அனுமதி இல்லாமல் மாணவர்களைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு நிறுத்தியது ஏன் என்பது முதல் கேள்வி. அனுமதி இல்லாமல் மாணவர்களை வெளி மாநிலத்துக்கு அழைத்துச் சென்றது ஏன் என்பது இரண்டாவது. ஏதோ நான் திருப்பதிக்குச் சுற்றுலா கூட்டிப்போனது போல! டிரைவரையும் டிப்போவில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவருக்காக நான் நேரில் போய்ப் பேசினேன். வேலை தப்பியது, ஆனால் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துவார்.

இதை நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். வெள்ளம் வந்திருந்தால் நான் தெய்வம். வரவில்லை, அதனால் பைத்தியம். இரண்டு விதத்திலும் அந்த மதியம் எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான், மேலே மழை என்பது; தெரியாமல் இருந்ததும் ஒன்றுதான், தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பது. வானம் பிறகு என்ன செய்தது என்பதை வைத்து உங்களுக்கு மார்க் போடுவார்கள். போட்டுக்கொள்ளட்டும். நீங்களும் அப்படி உங்களுக்கே மார்க் போட்டுக்கொள்ள ஆரம்பித்தால் அடுத்த தடவை முடிவெடுக்கக் கை வராது. படத்தில் நம் மாவட்டத்தின் நிறத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பள்ளிக்கு வரும் தண்ணீர் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறதோ அந்த ஊரில் போன் எடுக்கிற ஓர் ஆளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை நிறுத்தும்போது, அந்தப் பிள்ளையைத் தேடி யார் எந்த வழியில் வருவார்கள் என்று அப்போதே யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. ஒரு செருப்போடு போயிற்று.

மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்த நாளில் முனிரத்தினம் பள்ளியில் என் அறைக்கு வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். அவன் வாசற்படியிலேயே நின்றான். இன்னும் வெறுங்கால்தான்.

"நான் தண்ணில நின்னுகினு இருந்தப்ப பஸ்ஸு கெளம்பவே இல்லயாமே டீச்சர்?"

"ஆங். கெளம்பல."

"பவித்ராவ நீங்கதான் எழுப்பி ஜன்னலாண்ட உக்கார வெச்சீங்களாமே. அவ சொல்றா."

"ஆங்."

"வீட்டுப்பாடம் எழுதிட்டேன், நோட்டத்தான் மறந்துட்டேன்னு பொய் சொன்னதுக்கு இதே ஸ்கூல்ல என்ன முட்டி போட வெச்சீங்க. நியாபகம் கீதா?"

எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் சேர்ந்து வந்தது. "எறங்காதன்னு உண்மைய ரெண்டு தபா சொன்னேனேடா. கேட்டியா நீ?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது.

அவன் படியில் பாதத்தைத் தேய்த்தான். பிறகு திரும்பி நடந்தான். கேட்டைத் திறந்துவிட்டு, போகாமல் நின்று, என்னைப் பார்த்தான்.

"அடுத்த தபா தண்ணி வந்தாலும் பஸ்ஸு பூடுச்சின்னே சொல்லுங்க டீச்சர். புள்ள இங்கதான் கீதுன்னு சொன்னீங்கன்னா நான் மறுபடியும் எறங்கிடுவேன்."